நீ உள்ளே சேர்த்தது யாரை, வாணி?

வாணிக் கண்ணு,

கதவைச் சாத்தியபோது வெளியே நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன். அத்தை, அதாவது உன் அம்மா. நான். பெங்களூரிலிருந்து வந்த, உன்னோடு ஆராய்ச்சி செய்த சிநேகிதி ரேணுகா. கரியாலூரில் நாம் மூன்று மாதம் தங்கியிருந்த வீட்டுக்காரி சின்னப்பொண்ணு. ஐந்து பேர். அக்கம்பக்கத்தாரைச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரச் சொல்லியிருந்தேன். அவர்கள் இன்னும் வரவில்லை. உள்ளே ஆள் யாரும் இல்லை. உன் படம், ஒரு குத்துவிளக்கு, ஒரு தலைவாழை இலை, அதில் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் வடையும் பாயசமும், சின்னப்பொண்ணு மலையிலிருந்து கொண்டுவந்த தேன் ஒரு கிண்ணம், சர்க்கரை கம்மியாகப் போட்ட டீ ஒரு டம்ளர். அவ்வளவுதான்.

உனக்கு முதல் வருஷப் படையல். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படைத்துக் கற்பூரம் காட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். யாரும் பார்க்காதபோதுதான் போனவர் வந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மூன்று தட்டு தட்டிவிட்டுத் திறக்க வேண்டும்.

மாமாவுக்குப் படைத்த வருஷங்களில் நீ இந்தக் கதவருகே சும்மா நின்றதே இல்லை.

“அண்ணி, கதவைச் சாத்திட்டா யாரும் பாக்கலைன்னு ஆயிடுமா? விளக்கு பாத்துக்கினு இருக்குது. சாம்பார் ஆவி பாத்துக்கினு இருக்குது. உள்ள இருக்கிற காத்து பூரா அப்பா மேல மோதிக்கினு இருக்கும். எவ்ளோ சாட்சிங்க.”

“காத்துக்கு இன்னாடி கண்ணு இருக்குதா?”

“கண்ணு எதுக்கு அண்ணி? மேல பட்டு, பட்ட சேதியத் தூக்கிக்கினு போனா அதுவே பாத்த மாதிரிதான்.”

“அப்பன் வர்ற நேரத்துல வாய மூடிக்கினு நில்லுடி” என்று அத்தை அதட்டுவார். நீ வாயை மூடிக்கொண்டு கண்ணால் சிரிப்பாய்.

இந்த வருஷம் அதே இடத்தில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உன்மேல், என்மேல், எல்லார்மேலும். ஒரு வருஷமாக அது போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவதோடு நின்றவள். நீ போனபின் உன் பாடத்தை நானே படிக்கத் தொடங்கினேன். முதலில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். பிறகு நீ உன் கையால் தமிழில் எழுதிக் கொடுத்த அந்த முப்பது பக்கம். காலையில் பூஜை முடிந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, அது கொதிக்கிற நேரத்தில் ஒரு பக்கம். புரியாவிட்டால் மறுநாளும் அதே பக்கம். ஒரு பக்கத்தை நாற்பத்தோரு நாள் படித்தேன். விரதம் இருந்ததுபோல ஆயிற்று.

நீ என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் உன் அண்ணன் இன்றைக்கும் “அணுகுண்டு சம்பந்தமா இன்னாவோ” என்றுதான் சொல்கிறார். நான் திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன். அணுவைப்போல மிகச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டால், அது இப்படியும் அப்படியும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். தன் சுற்றுச்சூழல் தொடாத வரைக்கும்தான் அது நடக்கும். காற்று, சூடு, எங்கிருந்தோ வரும் ஒரு துளி வெளிச்சம், எது தொட்டாலும் அந்த இரட்டை நிலை கலைந்து, நாம் பார்க்கிற சாதாரணப் பொருளாக ஆகிவிடுகிறது. எப்படிக் கலைகிறது, எவ்வளவு வேகத்தில் கலைகிறது, கலைந்தது திரும்புமா என்பதுதான் உன் படிப்பு. இவ்வளவுதானே? இதைச் சொல்ல எனக்கு எத்தனை மாதம் பிடித்தது தெரியுமா?

முதல் தடவை நீ சொன்னபோது, “ரிஷிவந்தியத்து அர்த்தநாரீஸ்வரர் மாதிரியா?” என்று கேட்டேன். உன் முகம் போன போக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

“அங்க வலது பக்கம் அவரு, இடது பக்கம் அம்மன்னு நடுவுல கோடு இருக்குது அண்ணி. இங்க அந்தக் கோடே கெடையாது.”

“சாமிக்கும் கெடையாது. செதுக்குனவனுக்குத்தான் கோடு வேணும்.”

“இத எங்க சார்கிட்ட சொல்றன்” என்றாய். சொன்னாயா? அதுவும் எனக்குத் தெரியாது.

நம் தெருப் பஜனைக் குழுவில் ஒருத்தி வாரம் ஒரு வீடியோ அனுப்புகிறாள். மனசால் நினைத்தால் அணு மாறும், மந்திரம் சொன்னால் அணு கேட்கும், விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது என்று. “உங்க நாத்தனாரு படிச்சதுதானே மகேஸ்வரி, இன்னா சொல்ற?” என்று என்னிடமே கேட்கிறாள். எனக்குப் பக்தி குறைவில்லை. நான்கு மணிக்கு எழுந்து விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் பார்ப்பது என்றால் மனசு பார்ப்பது என்று நீ ஒருநாளும் சொல்லவில்லையே. காற்று மோதினால் போதும் என்றுதானே சொன்னாய்? அதைச் சொன்னால் எனக்குப் பக்தி போய்விட்டது என்கிறார்கள். சாமிக்கு இந்தச் சிபாரிசெல்லாம் தேவையா, வாணி?

உன் பாடத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கட்டம். இரண்டு வரி, இரண்டு பத்தி, நான்கு எண். அந்தக் கட்டத்துக்குப் பெயராக, வால் வைத்த ஒரு கிரேக்க எழுத்து. இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்குப் போகும் இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்று. மற்ற இரண்டில்தான் அந்த இரட்டை நிலை இருக்கிறது. சூழல் தொடத் தொட அந்த இரண்டும் தேய்ந்து தேய்ந்து பூஜ்யம் ஆகிவிடும். அதைக் கையால் போட்டுப் பார்த்து, நீ எழுதிய விடை வந்த அன்று, உன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். சொல்ல வேறு யாரும் இல்லை.

அப்படித் தேய்ந்து போனது எங்கே போனது என்று கரியாலூரில் கேட்டேன் அல்லவா? உனக்குக் குளிர்ந்த காற்று நல்லது என்று வைத்தியர் சொல்லி, சின்னப்பொண்ணு வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வெயில் ஏறியபின் உன்னைக் கைத்தாங்கலாக ஓடைப் பக்கம் கூட்டிப்போவேன். எதிரே மலைச்சரிவு. நீ என்னைச் சரிவைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிடச் சொன்னாய். நான் வெட்கப்பட்டுக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சரிவிலிருந்து உன் பெயர் திரும்பி வந்தது.

“நம்ம நைனார்பாளையத்துல கரும்புக் கொல்லைல நின்னு கூப்பிட்டா?”

“போனது போனதுதான். இன்னாத்துக்குத் திரும்பும்?”

“அதான். எல்லாப் புஸ்தகத்துலயும் சூழலக் கரும்புக் கொல்லைன்னு வெச்சுத்தான் கணக்குப் போடறாங்க. போனது திரும்பாதுன்னு வெச்சா கணக்கு சுலபம். எனக்கு வாச்ச சூழலு மலை. கொஞ்சம் ஞாபகம் வெச்சிருந்து திருப்பிக் குடுக்குது. எப்ப குடுக்கும், எவ்ளோ குடுக்கும், அதான் என் தலைவலி.”

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. இவ்வளவு தெளிவாகச் சொன்னவள், ஒரே ஒரு விஷயத்தை ஏன் எனக்குச் சொல்லாமல் போனாய்?

அந்த நோட்டைத்தான் சொல்கிறேன்.

நீ இறந்த அன்று நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். கல்யாணம் ஆகாதவர்களைப் புதைப்பதுதான் நம் ஜனங்களின் வழக்கம். நீ எரிக்கச் சொல்லியிருந்தாய். “பொதைச்சா மண்ணுக்குள்ள ஒரே எடத்துல கெடக்கணும். எரிச்சா ஒரே நாள்ல ஊரெல்லாம் பரவிடுவன் அண்ணி” என்று அதையும் விளையாட்டாகத்தான் சொன்னாய். உன் அண்ணன் சொந்தக்காரர்களோடு சண்டை போட்டு அதை நடத்தினார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தூக்குவதற்கு முன்னால், மாமாவுக்கு வெற்றிலைப் பெட்டியை வைத்ததுபோல, உனக்குப் பிடித்ததைக் கூட வைக்கச் சொன்னார்கள். நான் மாடிக்கு ஓடினேன். உன் மேஜையில் ஏழு நோட்டு. ஆறு நோட்டில் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஏழாவது நோட்டில் எல்லாம் அடித்தல், கிறுக்கல், மாத்திரை அட்டையில் எழுதி ஒட்டியது, கஞ்சி சிந்திய கறை.

நான் வீட்டுக் குறிப்பு எழுதுகிறவள். முதலில் சிட்டாவில் கிறுக்கிக்கொள்வேன். சாயங்காலம் பெரிய நோட்டில் திருத்தமாக ஏற்றுவேன். ஏற்றியபின் சிட்டாத் தாளை அடுப்பில் போட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் கைப்பழக்கம். அந்த ஏழாவது நோட்டைப் பார்த்ததும், இது சிட்டா, இதில் உள்ளதெல்லாம் மற்ற ஆறில் ஏறியிருக்கும் என்று என் கை தானாக முடிவு செய்துவிட்டது. நல்ல நோட்டுகள் உலகத்துக்கு, எப்போதும் கையில் வைத்திருந்த நோட்டு உனக்கு என்று, உன் கைக்குக் கீழே, புடவைக்குள் செருகினேன். யாரும் பார்க்கவில்லை.

படிப்பு என்பது என் வீட்டுக் குறிப்பைப்போல இல்லை, கிறுக்கல்தான் அசல், திருத்தமாக எழுதிய ஆறும் பழசு என்று உன் பாடத்தைப் படிக்கத் தொடங்கியபின்தான் தெரிந்தது, அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லியிருக்க வேண்டாமா? “அண்ணி, இது சிட்டா இல்ல” என்று நான்கு சொல். நான்கு சொல்லுக்கு உனக்கு மூச்சு இருந்தது. கடைசி நாள்கூட டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று சொன்னவள்தானே நீ?

இப்போது கதவுக்கு வெளியே வருகிறேன். உள்ளே நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று வைத்துக்கொள். ரேணுகா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, வாணி கடைசியா போன்ல ‘முடிஞ்சிடுச்சு, கணக்கு வந்திடுச்சு’ன்னு விடைய மட்டும் சொன்னா. ஆறு நோட்டையும் நீங்க அனுப்பினதுல பாத்தேன். அந்த விடைக்குப் போற கடைசிப் படி இல்ல. இன்னொரு நோட்டு இருக்கா?”

ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாததை அங்கே வைத்துச் சொன்னேன். சொல்லும்போது கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உனக்குக் கேட்டிருக்கும்.

ரேணுகா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்படியே குந்திவிட்டாள். உன் அண்ணன்தான் பேசினார்.

“வுடு மகேசு. போனது போச்சு. இப்ப அதனால இன்னா?”

அதனால் என்ன என்று ரேணுகா விளக்கினாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை கட்டுரையாக வரப்போகிறது. அந்தக் கடைசிப் படி உன்னுடையது என்று காட்ட முடிந்தால், உன் பெயர் மேலே, முதல் பெயராக வரும். காட்ட முடியாவிட்டால் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், மறைந்த தோழி என்று ஒரு வரி. உங்கள் பெரிய சார் கறாராகச் சொல்லிவிட்டாராம். இருப்பதை வைத்துத்தான் போட முடியும் என்று.

“மேல வந்தா இன்னா, கீழ வந்தா இன்னா? எம் பொண்ணு திரும்பி வரப் போறாளா?” என்றார் அத்தை.

“வரமாட்டா அத்த. அதுக்காக அவ செஞ்சதும் போவணுமா?” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. படையல் நேரத்தில் மாமியாரிடம் குரல் உயர்த்திய பாவம் இந்த வருஷக் குறிப்பில் இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் சின்னப்பொண்ணு வாயைத் திறந்தாள்.

“எங்க வூட்டு செவுத்துல கரித்துண்டால பாப்பா வட்டம் வட்டமா போட்டு வெச்சிருந்துச்சே. அது இல்லீங்களா?”

ரேணுகா எழுந்து நின்றுவிட்டாள். “இப்ப இருக்கா?”

“பொங்கலுக்கு வெள்ளையடிச்சிட்டேங்க. கோலம்னு நெனச்சேன். கோலம்னா சிக்கு இருக்கணுமேன்னும் நெனச்சேன்.”

உன் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் எரித்தேன், அவள் வெள்ளையடித்தாள். நீ விட்டுப்போனதையெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறோம், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமல்.

கதவைத் தட்டித் திறந்தோம். இலையில் எதுவும் குறையவில்லை. டீ ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “எவ்ளோ சாட்சிங்க” என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. சாட்சி என்றதும் என் குறிப்பு நோட்டு ஞாபகம் வந்தது.

பரிமாறுவதை அத்தையிடம் விட்டுவிட்டு அந்த வருஷத்து நோட்டை எடுத்துவந்தேன். நான் எழுதுவது உனக்குத் தெரியும். எந்நேரம் கரண்டு போனது, பால் எவ்வளவு, உனக்குக் காய்ச்சல் எவ்வளவு, மாத்திரை எந்நேரம், சுவரிலிருந்து பல்லி எந்தப் பக்கம் விழுந்தது. நீ இதை வைத்து என்னைக் கேலி செய்வாய். கரியாலூர் மாதங்களை ஒவ்வொரு பக்கமாக ரேணுகாவுக்குப் படித்தேன். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது:

‘காய்ச்சல் நூற்றிரண்டு. கஞ்சி அரை டம்ளர். வாணி நெடுநேரம் பேசினாள். அறைக்குள் தான் மட்டும், மற்றவரெல்லாம் வெளியே என்று வைத்தால் கணக்கு வரவில்லையாம். ஏனென்றால் காலையில் அவள் என்னிடம் சொன்னதை நான் மனசில் வைத்திருந்து சாயங்காலம் அவளிடமே திருப்பிச் சொல்கிறேனாம். வெளியே இருக்கிறவர்களில் மிக நெருக்கமாக வந்துபோகிற ஆளை அறைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டால், மீதிப் பேர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத சாதாரண ஜனம் ஆகிவிடுவார்களாம். அப்போது பழைய சுலபமான கணக்கே போதுமாம். அணுவுக்கும் அப்படியே செய்தேன், வந்துவிட்டது என்றாள். வட்டம் போட்டுக் காட்டினாள். மாத்திரை எட்டு மணி.’

ரேணுகா நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மறுபடியும் படித்தாள். இலையில் கை வைத்தவள் கை கழுவக்கூட இல்லை, நோட்டில் சாம்பார் பட்டது.

“இதான் அக்கா. இதான் படி. சூழல்ல ரொம்ப ஒட்டி இருக்கிறதப் பிரிச்சு அமைப்புக்குள்ள கொண்டுவந்துட்டா. நாங்க ரெண்டு வருஷமா வெளிய வெச்சே முட்டிக்கிட்டு இருந்தோம்.”

ஒரு நிமிஷம், வாணி. ஒரே ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். நீ எரிந்தும் நோட்டு எரிந்தும் நீ சொன்னது என் கையெழுத்தில் இருந்தது. உடனே ரேணுகா கேட்டாள்.

“எத்தன வட்டம் அக்கா?”

நான் எழுதவில்லை. பார்த்தபோது எண்ணவும் இல்லை.

பல்லி விழுந்த பக்கத்தை எழுதிய நான், வட்டம் எத்தனை என்று எழுதவில்லை. ‘வட்டம் போட்டுக் காட்டினாள்’, அவ்வளவுதான். வட்டத்துக்கு ஒன்று என்று உள்ளே சேர்த்தது ஒன்றா, இரண்டா என்பதைப் பொறுத்துத்தான் மீதிக் கணக்கு முழுவதும் இருக்கிறதாம். ஒன்று என்றால் திரும்பி வருகிற எதிரொலி ஒரு விதம். இரண்டு என்றால் வேறு விதம். இரண்டையும் ரேணுகாவே போட்டுப் பார்க்கலாம். மாதக்கணக்கில் ஆகும். “பரவால்ல அக்கா, நான் போடறேன். ஆனா அப்ப அது என் கணக்கு ஆயிடும். வாணியோடதுன்னு என்னால சொல்ல முடியாது” என்றாள். நேர்மையான பெண். அதனால்தான் இன்னும் எரிச்சல். கொஞ்சம் பொய் சொல்கிறவளாக இருந்திருக்கக் கூடாதா?

சின்னப்பொண்ணைக் கேட்டோம். “ரெண்டோ மூணோ இருந்துச்சுங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு” என்றாள். நடுவில் இருந்த உன் வட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறாளா, சேர்க்காமல் சொல்கிறாளா என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை.

பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அத்தை, கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“எனக்கும் ஒரு வட்டம் போட்டா.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

“நான் மலைக்கு வந்து பத்து நாளு இருந்தனே, அப்ப. செவுத்துல காட்டி, ‘இது நானு, இது அண்ணி, இது நீம்மா’ன்னா. நெசமாத்தான்.”

“அத்த, இத்தினி நாளா சொல்லலையே?”

“நீ கேட்டியா? எல்லாத்தையும் நீயே எழுதிக்கினு இருந்த. எனக்கு எழுத வராது.”

அதற்குள் அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். சாப்பாடு நடந்தது. ரேணுகா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, சாரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினாள். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. நாள் விவரத்தோடு குறிப்பு இருப்பதால் சார் இறங்கி வந்திருக்கிறாராம். ஆனால் வட்டத்தின் எண்ணிக்கையை, பார்த்தவர்கள் உறுதியாகச் சொல்ல வேண்டுமாம். அதை வைத்துக் கம்ப்யூட்டரில் கணக்கை ஓட்டி, நீ போனில் ரேணுகாவிடம் சொன்ன கடைசி விடையோடு பொருந்தினால், படி உன்னுடையது. பெயர் மேலே. ஓட்டிப் பார்க்க ஒரு தடவைதான் நேரம் இருக்கிறது. கட்டுரையை அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. ரேணுகா என்னிடம் கேட்டது ஒரே ஓர் எண்.

என் குறிப்பு நோட்டைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். நான் ஒன்று என்றால் ஒன்று. இரண்டு என்றால் இரண்டு.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்று என்று சொல்லத்தான் என் நாக்கு போகிறது. இரண்டு வருஷம் உன்னைக் குளிப்பாட்டியவள் நான். நீ வாந்தி எடுத்ததைக் கையில் வாங்கியவள் நான். காலையில் சொன்னதைச் சாயங்காலம் திருப்பிச் சொன்னது நான். அத்தை பத்து நாள் வந்திருந்தார். அந்தப் பத்து நாளும் உன் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார், பேசக்கூட இல்லை. அவர் எப்படி உள்ளே வருவார்? மகள் போன துக்கத்தில், தனக்கும் ஒரு வட்டம் இருந்ததாகத் தோன்றியிருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்றுக் காலை உலை கொதிக்கும்போது உன் முப்பது பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. முன்பு நூறு தடவை படித்த வரிதான். நெருக்கம் என்பது எத்தனை தடவை தொடுகிறது என்பதில் மட்டும் இல்லை. தொட்டதை எவ்வளவு நேரம் விடாமல் வைத்திருக்கிறது என்பதிலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் முதல் காய்ச்சல் எந்த வயதில் வந்தது, உனக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அத்தைதானே எனக்குச் சொல்லித் தந்தார்? அதைத்தானே நான் உன்னிடம் கொண்டுவந்தேன்? அவர் என்னிடம், நான் உன்னிடம். அப்படியானால் இரண்டாவது வட்டம் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கணக்கை எனக்கு வேண்டிய பக்கம் சாய்த்ததும் நான்தான், இப்போது வேறு பக்கம் சாய்ப்பதும் நான்தான். அது சாட்சி ஆகாது.

அத்தையிடம் மறுபடியும் கேட்டேன். “நெசமா பாத்தீங்களா அத்த? உங்களுக்குத் தோணுனதா?”

பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “பாத்தனா, நெனச்சிக்கினனான்னு எனக்கே இப்ப தெரியலடி மகேசு. அன்னிக்குத் தெரிஞ்சுது” என்றார்.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதுவே பெரிய தொந்தரவு. நடந்ததை வைத்திருக்க வேண்டிய நாங்கள் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோம். ஒருத்தி எரித்தாள், ஒருத்தி வெள்ளையடித்தாள், ஒருத்திக்குக் கண்ட நினைவும் கொண்ட ஆசையும் கலந்துவிட்டது. உன் அண்ணனுக்கு எதுவுமே தெரியாது. உனக்கு வாய்த்த சூழல் மலை என்றாய். எனக்கென்னவோ கரும்புக் கொல்லையாகத்தான் தெரிகிறது.

ஆனாலும் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி போடுகிறேன். கடைசி மாதங்களில் நீ கையில் கிடைத்த தாளிலெல்லாம் எழுதினாய். பார்க்க வந்தவர்களுக்கு அந்தத் தாளில் பிரசாதம் மடித்துக் கொடுத்தேனா, மருந்துக் கடைக்குக் கொடுத்தனுப்பிய சீட்டின் பின்பக்கம் உன் வட்டம் இருந்ததா, எனக்குத் தெரியாது. யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தால் எறிய வேண்டாம். கிறுக்கலாக இருந்தால் முக்கியமாக எறிய வேண்டாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரியாத எண்ணை ரேணுகாவிடம் சொல்லமாட்டேன். ஒன்று என்று தெரிந்தால் ஒன்று என்று எழுதுவேன். இரண்டு என்று தெரிந்தால், அதில் ஒருவர் அத்தை என்பதையும் சேர்த்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதி அனுப்புவேன். உன் பெயர் மேலே வரவேண்டும், அதற்காக நான் உள்ளே தனியாக இருக்க வேண்டியதில்லை. இனிமேல் எந்தச் சிட்டாவையும் அடுப்பில் போடமாட்டேன். ஒரு வருஷமாகப் போடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ரேணுகா போன் செய்வாள். அதற்கு முன்னால் வேண்டும். கனவில் வந்து சொன்னாலும் சரி, அத்தைக்கு ஞாபகமாக வந்தாலும் சரி, எந்தத் தாளிலிருந்தாவது வந்தாலும் சரி. நீ உள்ளே சேர்த்தது ஒருத்தரையா, இரண்டு பேரையா? சீக்கிரம் பதில் சொல், வாணி.

உன் அண்ணி,
மகேஸ்வரி